படம் வரைந்து எப்படிப் பிழைப்பது? ஓவியப் பள்ளி முதல்வர் கே.சி.எஸ். பணிக்கரைப் பற்றி

பனைநிழல் (இழையைத் தொடங்கியவர்)

என் மகள் பன்னிரண்டாம் வகுப்பு முடித்துவிட்டாள். சென்னை ஓவியக் கல்லூரியில்தான் சேருவேன் என்று ஒற்றைக் காலில் நிற்கிறாள். கை நன்றாக ஓடும், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் வீட்டில் என் அம்மா இருக்கிறார், அவருக்கு ஒரே கேள்விதான்: "படம் வரைஞ்சு எப்படிம்மா சாப்பிடுவா?" அந்தக் கேள்வியை நான் தள்ளிவிட முடியாது. அம்மா தையல் தைத்து எங்கள் மூன்று பேரையும் படிக்கவைத்தவர், கைவேலையில் எவ்வளவு வரும், எவ்வளவு வராது என்று என்னைவிட அவருக்குத் தெரியும்.

அதற்குப் பதில் தேடப்போன இடத்தில்தான் கே.சி.எஸ். பணிக்கர் என்ற பெயர் வந்தது. பெயர் முன்பே தெரியும், கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஈஞ்சம்பாக்கத்தைத் தாண்டும்போது சோழமண்டலம் ஓவியர் கிராமத்தின் பலகையைப் பலமுறை பார்த்திருக்கிறேன். ஏதோ கண்காட்சி நடக்கும் இடம், பணக்காரர்கள் வந்து போவார்கள் என்று நினைத்திருந்தேன். இப்போதுதான் தெரிகிறது, அந்தக் கிராமத்தை உண்டாக்கியவர் எழும்பூர் ஓவியப் பள்ளியின் (மகள் சேர நினைக்கிற அதே கல்லூரிதான்) முதல்வர், என் அம்மா கேட்கிற அதே கேள்விக்குத்தான் அவர் அப்படி ஒரு பதிலைக் கட்டி வைத்தார் என்று.

பணிக்கர் 1957 முதல் 1967 வரை முதல்வர். அந்தப் பத்து வருடத்தில் என்ன செய்தார், அவர் போன பிறகு என்ன மிஞ்சியது, யாருக்கு என்ன தெரியுமோ எழுதுங்கள். புகழுரை வேண்டாம். ஒரு தாயாக முடிவெடுக்கத்தான் கேட்கிறேன்.

கரித்துண்டு

நான் அந்தப் பள்ளியில் எழுபதுகளின் நடுவில் சேர்ந்தவன். பணிக்கர் அப்போது ஓய்வுபெற்றுப் பல வருடம் ஆகியிருந்தது, முதல்வர் நாற்காலியில் சிற்பி எஸ். தனபால். அதனால் பணிக்கரிடம் நான் படித்ததில்லை, அவரிடம் படித்தவர்களிடம் படித்தேன். இதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

அந்தப் பள்ளி சாதாரணப் பள்ளி இல்லை. 1850இல் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற ஒரு மருத்துவர் தொடங்கியது. வெள்ளைக்காரர்கள் காலத்தில் அதற்கு முக்கிய வேலை கைத்தொழில் கற்றுக்கொடுப்பது: உலோகம், மரம், மண்பாண்டம். ஓவியமும் இருந்தது, ஆனால் அதுதான் பள்ளியின் உயிர் என்று சொல்ல முடியாது. 1929இல் தேவி பிரசாத் ராய் சௌத்ரி வங்காளத்திலிருந்து தலைமை ஏற்க வந்தார், அந்தப் பதவிக்கு வந்த முதல் இந்தியர் அவர்தான். மெரினாவில் நாலு பேர் பாறையைப் புரட்டுகிற உழைப்பாளர் சிலை இருக்கிறதே, அது அவர் கை. காந்தி சிலையும் அவருடையதே. மல்யுத்தம், வேட்டை, புல்லாங்குழல் என்று எதையும் விடாத மனிதர். பணிக்கர் அவருடைய மாணவர்.

பணிக்கர் வந்த வழியைத்தான் உங்கள் அம்மாவிடம் சொல்ல வேண்டும். 1911இல் கோயம்புத்தூரில் பிறந்தவர். சின்ன வயதிலேயே நீர்வண்ணம் பிடிபட்டுவிட்டது. ஆனால் குடும்பச் சுமை வந்து விழுந்ததும் படிப்பை விட்டுவிட்டுத் தந்தி இலாகாவில் வேலைக்குப் போனார். அப்புறம் ஒருநாள் அந்த வேலையை உதறிவிட்டு, 1936இல், இருபத்தைந்து வயதில் ஓவியப் பள்ளியில் மாணவராகச் சேர்ந்தார். படிப்பு முடிந்ததும் அங்கேயே ஆசிரியர். ஆக, சம்பளமா, ஓவியமா என்ற இழுபறியை அவர் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை, தன் உடம்பிலேயே பட்டுத் தெரிந்துகொண்டார்.

1944இல், ஆசிரியராக இருக்கும்போதே, மாணவர்களையும் நண்பர்களையும் சேர்த்து முற்போக்கு ஓவியர் சங்கம் தொடங்கினார். அந்தக் காலத்தில் சென்னையில் ஒரு ஓவியன் தன் படத்தைக் காட்ட இடமே கிடையாது. சங்கம் படங்களைச் சென்னையிலும் காட்டியது, வெளியூருக்கும் கட்டி எடுத்துப்போய்க் காட்டியது. பிறகு ஒரு கலைப் பத்திரிகையும் நடத்தினார்கள். இதெல்லாம் முதல்வர் ஆவதற்கு முன்பிருந்தே அவர் செய்துவந்த வேலையின் தொடர்ச்சி. பள்ளி வகுப்பறையோடு முடிந்துவிடக் கூடாது என்று நினைத்த மனிதர்.

முதல்வரான பின் அவர் செய்த பெரிய மாற்றம் பாடத்திட்டத்தில் இல்லை, பார்வையில் என்பேன். ராய் சௌத்ரி காலத்தில் உடம்பை அச்சு அசலாக வரைவது, ஒளி நிழல், ஐரோப்பிய முறை. அந்த அடிப்படையைப் பணிக்கர் தூக்கி எறியவில்லை. ஆனால் "வரையத் தெரிந்துவிட்டது, சரி, இப்போது உன்னுடையது எது?" என்ற கேள்வி மாணவர்கள் முன்னால் வந்து நின்றது. பக்கத்திலேயே எழும்பூர் அருங்காட்சியகம், நடந்துபோகிற தூரத்தில் சோழர் வெண்கலங்களும் அமராவதிச் சிற்பங்களும். கோயில், கோலம், மண் குதிரை, தோல்பாவை, எல்லாமே பாடம். எங்கள் ஆசிரியர்கள் எங்களைக் கோயில்களுக்கு அழைத்துப்போய் வெயிலில் உட்காரவைத்து வரையச் சொன்னது அந்த மரபில்தான். நடிகர் சிவகுமார் வரைந்த திருவண்ணாமலை, தஞ்சாவூர் கோயில் ஓவியங்களைப் பார்த்திருப்பீர்கள். அவர் 1959 முதல் ஆறு வருடம் அங்கே படித்தவர், பணிக்கர் முதல்வராக இருந்த காலம் அது.

நூலகவாசி

ஒரு சின்னச் சந்தேகம். பணிக்கரைக் கேரளத்துக்காரர் என்றுதானே சொல்கிறார்கள்? திருவனந்தபுரத்தில் அருங்காட்சியக வளாகத்தில் அவர் பெயரில் தனிக் கூடமே இருக்கிறது, நான் போய்ப் பார்த்திருக்கிறேன். நம் ஊரில் அவருக்கு அப்படி எதுவும் இல்லையே.

கரித்துண்டு

குடும்பம் மலபார், பிறந்தது கோவை, வாழ்ந்ததும் வேலை செய்ததும் சென்னை. அவரை யார் பக்கம் எழுதிக்கொள்வது என்ற சண்டைக்கு நான் வரவில்லை. அவர் காலத்துப் பள்ளியே அப்படித்தான், தமிழ், மலையாளம், தெலுங்கு, கன்னடம் நாலும் ஒரே மரத்தடியில் கேட்கும். கானாயி குஞ்ஞிராமன், அக்கித்தம் நாராயணன், ஹரிதாசன், விஸ்வநாதன் கேரளத்திலிருந்து வந்தவர்கள். வாசுதேவ் மைசூர்ப் பக்கம். ரெட்டப்ப நாயுடு ஆந்திரம். சந்தானராஜ் திருவண்ணாமலை, ஆதிமூலம் திருச்சிப் பக்கம் கீராம்பூர். தென்னிந்தியா முழுவதற்கும் அது ஒரே கிணறு மாதிரி இருந்தது.

ஆனால் கடைசியாகச் சொன்னீர்களே, நம் ஊரில் அவருக்கு எதுவும் இல்லை என்று, அது ஒப்புக்கொள்ள முடியாது. சோழமண்டலம் இருக்கிறதே.

சாயப்பட்டறை

எல்லோரும் ஓவியத்தைப் பற்றியே பேசுகிறீர்கள், நான் பாத்திக்கைப் பற்றிப் பேசுகிறேன். ஏனென்றால் பனைநிழலின் அம்மாவுடைய கேள்விக்குப் பதில் அங்கேதான் இருக்கிறது. நானும் சாயத்தில் கை வைத்தே பிழைப்பவள்.

அறுபதுகளின் தொடக்கத்தில் பணிக்கர் என்ன பார்த்தார்? பள்ளியில் ஆறு வருடம் உயிரைக் கொடுத்துப் படித்த பையன், வெளியே போனதும் தூரிகையைக் கீழே வைத்துவிடுகிறான். விளம்பரப் பலகை, குமாஸ்தா வேலை, ஏதாவது ஒரு உயர்நிலைப் பள்ளியில் ட்ராயிங் மாஸ்டர். படம் வாங்க ஆளே இல்லாத ஊர் அது. ஒரு முதல்வர் இதைப் பார்த்து வருத்தப்பட்டுவிட்டுப் போயிருக்கலாம், பெரும்பாலானவர்கள் அப்படித்தான் செய்வார்கள், "என் வேலை கற்றுக்கொடுப்பது, அதற்கப்புறம் அவன் பாடு" என்று. பணிக்கர் தன் பொறுப்பைச் சான்றிதழ் கொடுக்கும் நாளோடு முடித்துக்கொள்ளவில்லை.

அவருடைய யோசனை எளிமையானது. ஓவியர்களுக்குக் கை இருக்கிறது. நாளில் சில மணி நேரம் அந்தக் கையால் விற்கக்கூடிய கைவினைப் பொருள் செய்யட்டும், அந்தக் காசு சோற்றுக்கு. மீதி நேரம் முழுக்க ஓவியம், அதை யாருக்காகவும் மாற்ற வேண்டியதில்லை. 1963 வாக்கில் ஓவியர்கள் சேர்ந்து கைவினைச் சங்கம் ஒன்று தொடங்கினார்கள். பாத்திக் துணி, உலோக வேலை, மண் பொருள், தோல் வேலை. பாத்திக்தான் நன்றாக விற்றது.

பாத்திக் எப்படிச் செய்வது என்று தெரியாதவர்களுக்காக: மெழுகை உருக்கி, சூடு ஆறுவதற்குள் துணியில் வரைய வேண்டும். மெழுகு பட்ட இடத்தில் சாயம் ஏறாது. முதலில் வெளிர் நிறத்தில் முக்கி, காயவைத்து, அந்த நிறம் எங்கே நிற்க வேண்டுமோ அங்கே மறுபடி மெழுகு பூசி, அடுத்த அடர்ந்த நிறத்தில் முக்குவது. இப்படி மூன்று நான்கு முறை. நடுவில் துணி மடங்கி மெழுகு வெடித்தால் அந்த வெடிப்பில் சாயம் நூல் மாதிரி இறங்கும், அந்த ரேகைதான் பாத்திக்கின் அழகு. கடைசியில் கொதிநீரில் போட்டு மெழுகை எடுப்போம். இதில் அழிப்பதற்கு வழியே கிடையாது, போட்ட கோடு போட்டதுதான். கோடு தெரிந்தவனுக்கு மட்டும் வருகிற வேலை. அந்தப் பள்ளியில் படித்தவர்களுக்குக் கோடுதானே முதல் பாடம், அதனால் அவர்கள் கையில் அது சட்டென்று பிடிபட்டது.

அந்த விற்பனைக் காசில்தான் ஈஞ்சம்பாக்கத்தில் கடலோரமாக நிலம் வாங்கினார்கள். 1966. அரசாங்கம் கொடுத்த நிலம் இல்லை, ஜமீன்தார் எழுதி வைத்ததும் இல்லை. மெழுகும் சாயமும் வாங்கிக்கொடுத்த மணல். என் கடையில் ஒவ்வொரு முறை மெழுகுச் சட்டி அடுப்பில் ஏறும்போதும் இதை நினைத்துக்கொள்வேன்.

வங்கக்கரை

அந்த மணலைப் பற்றி நான் கொஞ்சம் சொல்கிறேன். இப்போது அங்கே மனை என்ன விலை என்று எல்லோருக்கும் தெரியும், அதனால் ஏதோ சொகுசு வாழ்க்கை போலத் தோன்றும். அன்றைக்கு அது ஊருக்கு வெளியே, மணல், சவுக்கு, பனை. மின்சாரம் இல்லை. முதலில் குடியேறியவர்கள் எளிய குடிசைகள் போட்டுக்கொண்டு இருந்தார்கள், வீடுகள் பிறகுதான் ஒவ்வொன்றாக எழும்பின. முப்பது நாற்பது ஓவியர்கள், பெரும்பாலும் இருபதுகளில் இருந்த பிள்ளைகள், நகரத்தை விட்டு அங்கே போனது அவ்வளவு லேசான முடிவு இல்லை. தங்கள் முதல்வர் சொன்னார் என்பதற்காகப் போனார்கள். 1967இல் அவர் ஓய்வுபெற்றதும் தானும் அங்கேயே வந்துவிட்டார். "நீங்கள் போங்கள்" என்று அனுப்பிவிட்டு நகரத்தில் உட்கார்ந்திருக்கவில்லை.

திறந்தவெளி அரங்கம் ஒன்று கட்டினார்கள், அங்கே நாடகம், கவிதை வாசிப்பு, நடனம் எல்லாம் நடந்தது.

செதுக்கல்

எல்லோரும் ஒரே பக்கம் பேசுகிறீர்கள், நான் கொஞ்சம் மாறுபடுகிறேன். பணிக்கர் மேல் எனக்கு மரியாதை குறைவில்லை, ஆனால் பனைநிழல் முடிவெடுக்கக் கேட்கிறார் என்பதால் மறுபக்கமும் தெரிய வேண்டும்.

ஒன்று. நல்ல ஓவியர்கள் எல்லோரும் சோழமண்டலம் போகவில்லை. சந்தானராஜ், முனுசாமி பள்ளியிலேயே ஆசிரியர்களாக இருந்து, பின்னாளில் முதல்வர்களும் ஆனார்கள். ஆதிமூலம் நெசவாளர் சேவை மையத்தில் வடிவமைப்பாளர் வேலை பார்த்தார், ரெட்டப்ப நாயுடுவும் அதே மையத்தில்தான். கைத்தறிப் புடவைக்குக் கரை வரைந்து சம்பளம் வாங்கிக்கொண்டே தமிழ்நாட்டின் மிகச் சிறந்த கோட்டோவியங்களை வரைந்தார் ஆதிமூலம். இன்னும் பலர் சினிமாவின் கலைத் துறைக்குப் போனார்கள். அதனால் பிழைப்புக்குச் சோழமண்டலம் ஒன்றே வழி என்று ஆகிவிடக் கூடாது.

இரண்டு, எனக்கு உறுத்துவது இதுதான். ஒரு முதல்வர் தன் சக்தியில் பெரும்பகுதியைப் பள்ளிக்கு வெளியே ஒரு கிராமம் கட்டுவதில் செலவிட்டால் பள்ளிக்கு என்ன ஆகும்? பணிக்கர் போன பிறகு அந்த உத்வேகம் ஈஞ்சம்பாக்கத்துக்குப் போய்விட்டது, எழும்பூரில் கட்டடம் நின்றது. கிராமமோ ஒரு தலைமுறையின் வீடுகளாக ஆகிவிட்டது. அடுத்த தலைமுறைக்கு அங்கே நிலம் எங்கே? நான் படித்த காலத்தில் எங்களுக்குச் சோழமண்டலம் என்றால் பஸ் ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு வருகிற இடம், அவ்வளவுதான். அங்கே குடியேறலாம் என்ற கனவை யாரும் எங்களுக்குக் கொடுக்கவில்லை, கொடுத்திருந்தாலும் நடந்திருக்காது.

மாமல்லபுரத்தைப் பாருங்கள். அங்கே சிற்பக் கல்லூரியில் வை. கணபதி ஸ்தபதி வெகுகாலம் முதல்வராக இருந்தார், குமரியில் நிற்கிற 133 அடி வள்ளுவர் சிலை அவர் தலைமையில் எழுந்தது. அவருடைய கொடை அந்தக் கல்லூரிக்குள்ளேயே, பாடமாக, மாணவன் கையில் உளியாக இறங்கியது. ஒவ்வொரு வருடமும் புதுப் பையன்கள் அதை எடுத்துக்கொள்கிறார்கள். முதல்வரின் கொடை என்றால் நான் அதைத்தான் சொல்வேன்.

சாயப்பட்டறை

செதுக்கல், ஸ்தபதியை நானும் வணங்குகிறேன். ஆனால் ஒரு வித்தியாசம். கோயில் சிற்பம் செதுக்கத் தெரிந்தவனுக்கு வெளியே வேலை காத்திருக்கிறது: ஊருக்கு ஊர் கும்பாபிஷேகம், வெளிநாட்டிலும் கோயில் கட்டுகிறார்கள். வாங்க ஆள் இருக்கிற கலை அது. பணிக்கருடைய பிள்ளைகளுக்கு வாங்க ஆளே இல்லை. அவர் கலையைக் கற்றுக்கொடுத்தால் மட்டும் போதாது, அந்தக் கலை உயிரோடு இருக்க ஒரு தரையையும் உண்டாக்க வேண்டியிருந்தது. இரண்டையும் ஒரே தராசில் வைக்காதீர்கள்.

செதுக்கல்

அது சரிதான். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அடுத்த தலைமுறைக்கு இடம் எங்கே என்ற கேள்வி அப்படியே இருக்கிறது, அதை யாரும் தொடவில்லை.

மைப்புட்டி

ஓவியர் ராமானுஜத்தைப் பற்றி யாரும் சொல்லவில்லையே என்று காத்திருந்தேன். பணிக்கர் எப்படிப்பட்ட முதல்வர் என்று அறிய அவருடைய படத்தைப் பார்க்க வேண்டாம், ராமானுஜத்தைப் பார்த்தால் போதும்.

கே. ராமானுஜம் பேச்சு சரியாக வராதவர், படிப்பு ஏறாதவர், எல்லோரும் ஒதுக்கிய பையன். வேறு எந்தப் பள்ளியிலும் முதல் வருடத்திலேயே வெளியே அனுப்பியிருப்பார்கள். பணிக்கர் அந்தப் பையன் கையில் என்ன இருக்கிறது என்று கண்டுகொண்டார். பேனாவும் கறுப்பு மையும் கொடுத்தால் போதும், மாளிகைகள், கோபுரங்கள், பறக்கிற உருவங்கள், பாம்புகள், நடுவில் தொப்பி போட்ட ஒரு ராஜகுமாரன். அந்த ராஜகுமாரன் அவரேதான். நிஜத்தில் யாரும் திரும்பிப் பார்க்காத ஒருவர் தனக்கென்று ஒரு முழு நகரத்தையே தாளில் கட்டிக்கொண்டார். அதை யாரும் "திருத்த" விடாமல் பார்த்துக்கொண்டதுதான் பணிக்கர் செய்த பெரிய காரியம். ஒரு ஆசிரியர் கைவைத்து இதைச் சரிசெய், அதை மாற்று என்றிருந்தால் அந்த உலகம் போயிருக்கும். பிறகு சோழமண்டலத்துக்கும் அழைத்துப்போனார்.

அப்படியும் ராமானுஜத்தைக் காப்பாற்ற முடியவில்லை. 1973இல், முப்பதைத் தாண்டிய சில வருடங்களில், தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டார். நான் இதை மறைத்துவிட்டு எழுத விரும்பவில்லை. அன்பான ஒரு முதல்வர், சேர்த்துக்கொண்ட ஒரு கூட்டம், திறமையைக் கண்டுகொண்ட கண், எல்லாம் இருந்தும் அந்தத் தனிமை தீரவில்லை. நானே பதினைந்து வருடமாகச் சிறப்புக் குழந்தைகளுக்குப் படம் கற்றுக்கொடுக்கிறேன், அவர் படத்தின் அச்சுப் பிரதி ஒன்றை என் வகுப்பறையில் மாட்டியிருக்கிறேன். புதிதாக வருகிற பிள்ளைகள் முதலில் அதன் முன்னால்தான் போய் நிற்பார்கள், ஏன் என்று எனக்கு விளக்கத் தெரியவில்லை.

நூலகவாசி

படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் எதுவும் தோன்றவில்லை. நன்றி.

வங்கக்கரை

பெண் பிள்ளைகளைப் பற்றியும் பேச வேண்டும், பனைநிழல் கேட்பது மகளுக்காக.

அந்தக் காலத்தில் பெண்கள் மிகக் குறைவு. ஆனால் இருந்தார்கள். டி.கே. பத்மினி பொன்னானிப் பக்கத்து ஊரிலிருந்து வந்து, அறுபதுகளின் முதல் பாதியில் பணிக்கரிடம் படித்தார். அவர் வரைந்த பெண்கள் யாரும் பார்ப்பவனுக்காக நிற்பதில்லை, இருட்டிலும் நிலா வெளிச்சத்திலும் தமக்காகவே நிற்கிறார்கள். 1969இல் பிரசவத்தில் இறந்துபோனார், முப்பது வயதுகூட ஆகவில்லை. இன்னும் இருபது வருடம் இருந்திருந்தால் என்று நினைக்காமல் அந்தப் படங்களைப் பார்க்க முடிவதில்லை. அர்னவாஸ் சோழமண்டலத்திலேயே வாழ்ந்து வேலை செய்தவர். சிற்பி அனிலா ஜேக்கப்பும் அந்தப் பள்ளியின் மாணவிதான்.

ஆகவே உங்கள் மகள் போகிற பாதையில் முன்னால் பெண்களின் கால்தடம் இருக்கிறது. அதிகம் இல்லை, ஆழமாக இருக்கிறது.

கரித்துண்டு

பணிக்கருடைய சொந்த ஓவியத்தைப் பற்றி ஒரு வார்த்தைகூட யாரும் பேசவில்லை, அதையும் சேர்த்துவிடுகிறேன், ஏனென்றால் அதிலும் ஒரு பள்ளிப் பிள்ளை இருக்கிறது.

ஆரம்பத்தில் கேரளத்து வாய்க்கால், தென்னை, நீர்வண்ணக் காட்சிகள். 1954இல் லண்டனில் கண்காட்சி வைத்துவிட்டு வந்தார். அதற்கப்புறம்தான் தன் மண்ணின் பழைய ஓவிய மரபை ஆழமாகத் தோண்ட ஆரம்பித்தார். தோட்டம் என்று ஒரு வரிசை வரைந்தார். பிறகு 1963இலிருந்து 'சொற்களும் குறியீடுகளும்'. அதற்குத் தூண்டுதல் ஒரு மாணவனின் கணக்கு நோட்டு என்று அவரே சொல்லியிருக்கிறார். எண்கள், எழுத்துகள், முக்கோணம், வட்டம் எல்லாம் ஒரே பக்கத்தில் இருந்த விதம் அவரை நிறுத்திவிட்டது. அந்த வரிசைப் படங்களில் மலையாள எழுத்து மாதிரி வரிவரியாக இருக்கும், வாசிக்கப் போனால் எதுவும் அர்த்தப்படாது. ஜாதகக் கட்டம், வேல், மீன், பறவை, கிறுக்கல். ஒரு பழைய ஓலைச்சுவடியைத் தூரத்திலிருந்து பார்க்கிற உணர்வு. ஐம்பது வயதைத் தாண்டிய, ஊரே மதிக்கிற ஒரு முதல்வர், ஒரு பிள்ளையின் நோட்டைப் பார்த்து, தான் அதுவரை வரைந்ததை ஓரமாக வைத்துவிட்டு முதலிலிருந்து தொடங்கினார். எனக்கு அவருடைய படங்களைவிட இந்தத் துணிச்சல்தான் பெரிதாகத் தெரிகிறது. மாணவர்களிடம் "உன்னுடையது எது?" என்று கேட்டவர், அதே கேள்விக்குத் தானும் உட்கார்ந்து பரீட்சை எழுதியிருக்கிறார்.

அந்தக் கேள்வி அவரவர் கையில் என்னவாக ஆனது என்றும் பாருங்கள். பள்ளியின் கைத்தொழில் பிரிவுகள் ஒரு சுவர் தாண்டி இருந்தன, வெள்ளைக்காரன் காலத்து மிச்சம். சிற்பி ஜானகிராம் செப்புத் தகட்டைத் தட்டி, பற்றவைத்து, கோயிலில் சாமிக்குச் சாத்துகிற கவசம் மாதிரி முன்பக்கம் மட்டும் உள்ள சிற்பங்கள் செய்தார். கல்லும் வார்ப்பும் மட்டுமே சிற்பம் என்று இருந்த இடத்தில் தகடு சிற்பமானது. பணிக்கரின் மகன் நந்தகோபாலும் உலோகத்தில்தான் வேலை செய்தார், 2017இல் காலமானார், சோழமண்டலத்தைப் பல வருடம் கட்டிக்காத்தவர் அவர்.

நூலகவாசி

இலக்கியம் படிக்கிறவனாக ஒன்று சேர்க்கிறேன். அந்தப் பள்ளியின் தாக்கம் ஓவியத்தோடு நிற்கவில்லை. அறுபது எழுபதுகளில் தமிழ்ச் சிற்றிதழ்களின் முகத்தை மாற்றியது அங்கே படித்தவர்களின் கோடுதான். கி. ராஜநாராயணனின் 'கரிசல் காட்டுக் கடுதாசி' ஜூனியர் விகடனில் வந்தபோது ஆதிமூலம் வரைந்த கரிசல் முகங்களை எவ்வளவு பேர் கத்தரித்து வைத்திருந்தோம்! எங்கள் வீட்டில் என் அப்பா ஒரு பழைய டைரியில் ஒட்டி வைத்திருந்தார், இப்போதும் இருக்கிறது. கலைக்கூடம் பக்கமே போகாத எங்கள் தெருவுக்கு நவீன ஓவியம் அப்படித்தான் வந்து சேர்ந்தது, வாரப் பத்திரிகை வழியாக.

செதுக்கல் கேட்ட கேள்விக்கு இது பாதி பதில் ஆகுமா? நிலம் எல்லோருக்கும் கிடைக்கவில்லை, உண்மை. ஆனால் ஓவியன் என்றால் தமிழ்ப் பத்திரிகை ஆசிரியர் மதித்துக் கூப்பிடுகிற ஆள் என்ற நிலை வந்ததே.

செதுக்கல்

பாதி பதில்தான். கூப்பிட்டார்கள், சன்மானம் எவ்வளவு கொடுத்தார்கள் என்று அந்தத் தலைமுறையைக் கேட்டால்தான் தெரியும். ஆனால் நீங்கள் சொன்ன கரிசல் முகங்கள் என் வீட்டிலும் உண்டு.

பனைநிழல், என் எதிர்வாதத்தைப் படித்துவிட்டு மகளைத் தடுத்துவிடாதீர்கள். நான் அங்கே படித்ததற்கு ஒருநாளும் வருத்தப்பட்டதில்லை. இப்போது அனிமேஷன், விளையாட்டுச் செயலி, புத்தக வடிவமைப்பு, சினிமா என்று கோடு தெரிந்தவர்களுக்கு வேலை இருக்கிறது. நான் சொல்ல வந்தது, பணிக்கர் கேட்ட கேள்வியை இன்றைக்கும் ஒவ்வொரு முதல்வரும் புதிதாகக் கேட்க வேண்டும் என்பதுதான். 1966இல் பதில் பாத்திக், நிலம். இன்றைக்கு வேறாக இருக்கும்.

சாயப்பட்டறை

இதற்கு நான் கைதட்டுகிறேன்.

பனைநிழல், போகிறதென்றால் அம்மாவையும் கூட்டிக்கொண்டு போங்கள். முன்பக்கம் தோட்டத்தில் கல் சிற்பங்கள், உள்ளே 2009இல் திறந்த அருங்காட்சியகம், இந்த இழையில் வந்த பல பெயர்களின் படங்கள் ஒரே கூரையின் கீழ் இருக்கும். காலையில் போனால் கூட்டம் இருக்காது.

பனைநிழல்

போன ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும் போய்விட்டு வந்தோம். எழுதக் கொஞ்சம் தாமதமாகிவிட்டது, மன்னிக்கவும்.

மகள் ராமானுஜத்தின் படத்துக்கு முன்னால் நின்றவள் நகரவே இல்லை. மைப்புட்டி எழுதியதை நான் அவளுக்குப் படித்துக் காட்டியிருந்தேன், இறந்துபோனது உட்பட. மறைக்கலாமா என்று முதலில் யோசித்தேன், பதினேழு வயது, தெரிந்துகொள்ளட்டும் என்று முடிவெடுத்தேன். அவள் அதைப் பற்றி எதுவும் பேசவில்லை. வெளியே வந்து சிற்பங்களுக்கு நடுவே உட்கார்ந்து ஒரு மணி நேரம் வரைந்தாள்.

அம்மாவுக்கு உள்ளே இருந்த படங்கள் பிடிக்கவில்லை என்றுதான் நினைக்கிறேன், 'சொற்களும் குறியீடுகளும்' முன்னால் நின்று "என்ன எழுதியிருக்கு?" என்று கேட்டார், எதுவும் எழுதவில்லை அம்மா, எழுத்து மாதிரி வரைந்திருக்கிறார் என்றேன், கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு "கிழிஞ்ச புடவையில ஒட்டுப் போட்ட மாதிரி அழகா இருக்கு" என்றார். அவர் வாயிலிருந்து வந்தால் அது பாராட்டுதான், ஒட்டுப் போட்டது தெரியாமல் போடுவதைவிடத் தெரிந்து அழகாகப் போடுவதுதான் கஷ்டம் என்று எப்போதும் சொல்வார். ஆனால் பாத்திக் கதையை, அந்தக் காசில் நிலம் வாங்கிய கதையைச் சொன்னபோதுதான் முகம் மாறியது. தையல்காரி இல்லையா, துணியும் சாயமும் என்றால் அவருக்குப் புரியும். மெழுகு எப்படி எடுப்பார்கள், சாயம் இறங்காதா என்று பத்துக் கேள்வி. எனக்குப் பதில் தெரியவில்லை, சாயப்பட்டறை எழுதியதைத்தான் ஃபோனில் எடுத்துப் படித்தேன்.

அப்புறம் வெளியே வரும்போது மரங்களுக்குப் பின்னால் தெரிந்த வீடுகளைக் காட்டி, "இதெல்லாம் அவங்களே கட்டினதா? படம் வரைஞ்சா?" என்றார்.

படமும் வரைந்து, துணியும் சாயம் போட்டு, என்றேன்.

மகள் அடுத்த மாதம் வரைதல் தேர்வு எழுதுகிறாள். கரித்துண்டு, செதுக்கல், அந்தத் தேர்வில் பார்த்து வரையச் சொல்வார்களா, மனத்திலிருந்து வரையச் சொல்வார்களா? இப்போதைக்கு வீட்டில் அம்மாவின் தையல் மெஷினை தினமும் ஒருமுறை வரைந்து பழகுகிறாள். மிதிகட்டை மட்டும் இன்னும் சரியாக வரவில்லை என்கிறாள், அம்மா பக்கத்தில் உட்கார்ந்து எங்கே தப்பு என்று காட்டிக்கொண்டிருக்கிறார்.